வார்னிஷ் வெள்ளை படிஞ்சா எது சரி: காய விடுறதா, தேய்க்கிறதா, முழுசா உரிக்கிறதா?

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல வீட்டு போர்ச்சுலேயே 12 அடி படகு ஒண்ணு கட்டுனேன், 6 மில்லிமீட்டர் மெராந்தி மரைன் பிளைவுட், மேல எப்பாக்சி (ரெண்டு திரவம் கலந்து இறுகுற பிசின்), அதுக்கு மேல ஸ்பார் வார்னிஷ் (வெயிலும் தண்ணியும் தாங்குற படகு வார்னிஷ்). நாலாவது கோட்டை சாயங்காலம் அஞ்சரைக்கு முடிச்சப்ப முகம் தெரியுற அளவுக்கு பளபளன்னு இருந்துச்சு, மறுநாள் காலைல பசியாறிட்டு வந்து பாத்தா முன்பக்கம் பூரா கஞ்சித்தண்ணி ஊத்தி காஞ்ச மாதிரி வெள்ளை, பின்னாடி உக்கார்ற பலகையிலயும் அங்கங்க திட்டுத்திட்டா மங்கல். மூணு மாச உழைப்பு, வயிறு கலங்கிருச்சு.

ஆளுக்கொரு வழி சொன்னாங்க. முதல் வழி, தொடாம விடு, வெயில்ல தானா தெளியும்னாங்க. லேசான மூட்டம்னா சில சமயம் ரெண்டு மூணு நாள்ல குறையும், அதனால பொறுத்துப் பாக்குறதுல நஷ்டம் இல்ல. ஆனா ஒரு வாரம் ஆகியும் அப்படியே இருந்தா அது போகாது. இதுல ஆபத்து எங்கன்னா, பொறுமை இல்லாம வெள்ளை மேலேயே இன்னொரு கோட் அடிச்சுடுறது, தேய்க்காம அடிச்சா புது கோட் ஒழுங்கா பிடிக்காது, அடியில இருக்குற கோளாறும் உள்ளேயே மாட்டிக்கும்.

பர்னிச்சர் பட்டறையில ரொம்ப வருஷம் வேலை செஞ்ச மாமா ஒருத்தர், "ரிட்டார்டர் தின்னர் லேசா ஸ்ப்ரே பண்ணு மாப்ள, நிமிஷத்துல தெளிஞ்சுடும்"னார், ரிட்டார்டர்னா மெதுவா ஆவியாகுற தின்னர். அவர் தொழில்ல அது நூத்துக்கு நூறு சரி, ஏன்னா பர்னிச்சருக்கு அடிக்கிற லாக்கர், அதுல இருக்குற தின்னர் ஆவியாகித்தான் காயுது, திரும்ப தின்னர் பட்டா இளகி உள்ள மாட்டுன ஈரத்தை விட்டுடும். நம்ம வார்னிஷ் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்து இறுகுற ஜாதி, ஒருதடவை இறுகிட்டா கரையாது, ஸ்ட்ராங் தின்னர் பட்டா சுருங்கி தோல் மாதிரி எழும்பிக்கும். அதனால படகுக்கு இந்த வழி வேணாம்.

மிச்சம் இருக்குறது தேய்க்கிறதா உரிக்கிறதாங்குறதுதான், அதை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை கட்டாயம் பண்ணுங்க. துணியில கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு மங்கல் மேல தடவுங்க, நான் முன்பக்கம் தடவுனதும் வெள்ளை மறைஞ்சு மரத்தோட செவப்பு ரேகை அப்படியே பளிச்னு தெரிஞ்சுது, டர்பன்டைன் காஞ்சதும் வெள்ளை திரும்பிருச்சு. அப்படின்னா கோளாறு மேல்தோல்ல மட்டும்தான். பின்னாடி பலகையில தடவுனா நனைஞ்ச நிலையிலயும் மங்கல் அசையவே இல்ல, ஓரத்துல நகத்தை விட்டா வார்னிஷ் செலோடேப் மாதிரி நீளமா உரிஞ்சு வந்துச்சு. ஒரே படகுல ரெண்டு வியாதி.

முன்பக்கம் ஏன் ஆச்சுன்னா, படகு நீளத்துக்கு போர்ச் கூரை பத்தல, மூக்கு மூணு அடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பினாங்குல ராத்திரி ஈரப்பதம் 90 சதவீதத்தை சாதாரணமா தாண்டும், வானத்தைப் பாத்துக் கெடக்குற பரப்பு சுத்துக் காத்தை விட இன்னும் குளிர்ந்து பனி படியும், காயாத வார்னிஷ் மேல அது உக்காந்தா பளபளப்பு போச்சு. கூரைக்குக் கீழ இருந்த நடுப்பகுதி சுத்தமா தப்பிச்சதே இதுக்குச் சாட்சி.

இந்த மாதிரி மேல்தோல் மங்கலுக்கு தேய்க்கிறதுதான் ரொம்பச் சரி, உரிக்கிறது வீண் வேலை. நல்லா இறுகுறதுக்கு நாலஞ்சு நாள் விட்டு, 320 நம்பர் சேண்ட்பேப்பரை தண்ணி தொட்டுத் தேய்ச்சு, பால் மாதிரி ஓடுற தண்ணியைத் துடைச்சு, நல்லா காய வெச்சு, படகை முழுசா கூரைக்குள்ள இழுத்துட்டு அடிச்சேன். காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு பன்னிரண்டுக்குள்ள முடிச்சுட்டேன், அப்பதான் பனி இறங்குறதுக்குள்ள தோல் கட்ட நேரம் கிடைக்கும், உச்சி வெயில் நேரா பட்டாலும் கொப்புளம் கட்டும், அதையும் பாத்துக்கணும். தேய்ச்சது அரை நாள் வேலை, வெள்ளை இருந்த இடமே தெரியல.

பின்பலகைக்கு அது பத்தாது, அங்க உரிக்கத்தான் வேணும். எப்பாக்சி இறுகும்போது, அதுவும் ஈரக்காத்துல, மேல மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு கசியும், அமீன் பிளஷ்ம்பாங்க. அது தண்ணியில கரையும், தின்னர்ல துடைச்சா இழுவிக்கிட்டுத்தான் போகும். நான் படகு முழுக்க கழுவிட்டு இந்த ஒரு பலகையை மட்டும் மழை வந்த அவசரத்துல விட்டுட்டேன், அது மேல வார்னிஷ் ஒட்டல, பலன் கண் முன்னாடி. உரிக்கிறதுக்கு ஹீட் கன் எடுக்காதீங்க, வார்னிஷோட சேந்து எப்பாக்சியும் இளகிடும், பிளைவுட்டோட மேல் தகடு ரொம்ப மெல்லிசு, அது போச்சுன்னா பலகையையே மாத்தணும். கூர்மையான ஸ்கிரேப்பரை வெச்சு மெதுவா சொரண்டி, வெதுவெதுப்பான தண்ணியும் ஸ்காட்ச்-பிரைட்டும் போட்டு ரெண்டு தடவை கழுவி, தண்ணி முத்து முத்தா திரளாம ஒரே சீரா பரவுதான்னு பாத்துட்டு, 220 போட்டு தேய்ச்சு திரும்ப முதல் கோட்லேருந்து ஆரம்பிச்சேன். அந்த ஒரு பலகைக்கே ரெண்டு வாரம் ஓடிருச்சு, காலைல மழை இல்லாத நாள் பாத்துத்தானே அடிக்க முடியும்.

சாட்டின் வார்னிஷ் எடுத்தவங்களுக்கு ஒரு வார்த்தை, அதுல மினுமினுப்பைக் குறைக்கிற பொடி கலந்திருக்கும், எல்லா கோட்டும் சாட்டினா அடிச்சா அதுவே மூட்டமாத் தெரியும், கீழ எல்லாம் பளபளக்குற கிளாஸ் வார்னிஷ் அடிச்சு கடைசி கோட் மட்டும் சாட்டின் போடுங்க.

ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற டூ-பேக் பாலியூரித்தேன் வார்னிஷுக்கு மாறிடலாமான்னும் யோசிச்சேன். அது கெட்டிதான், சீக்கிரமும் இறுகும், ஆனா அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஈரத்தோட சேந்து கரியமில வாயுவை விடும், நம்ம ஊர் காத்துல குமிழியும் மங்கலும் வர்றதுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம், சரியான மாஸ்க் இல்லாம வீட்டுப் பிள்ளைங்க நடமாடுற போர்ச்சுல அதைத் தொடவே கூடாது. ஸ்பார் வார்னிஷ்லேயே நின்னுட்டேன், இப்ப ஆறாவது கோட் காஞ்சுக்கிட்டு இருக்கு, மூக்கு கூரைக்குள்ளதான் இருக்கு.