சிறு முகாம் டிரெய்லருக்கான 12 வோல்ட் வயரிங் தொகுப்பு: ஃபியூஸ் பெட்டிக்காக வாங்கலாம், வயருக்காக அல்ல

டிரெய்லரைத் தாங்களே கட்டிக்கொள்பவர்களுக்கென்று எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடக்கி விற்கும் 12 வோல்ட் வயரிங் தொகுப்புகளுள் ஒன்றை, இரண்டு பேர் படுக்கும் அளவுள்ள பிளைவுட் டிரெய்லரில் பொருத்திப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். 12 வழி ஃபியூஸ் பெட்டி, சுவிட்ச் பலகை, பேட்டரிக்கான தடித்த கேபிள், விளக்கு முதலியவற்றுக்கான மெல்லிய வயர்ச் சுருள்கள், 100 ஆம்பியர் மெயின் பிரேக்கர், வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனைகளான லக்குகள் ஒரு கைப்பிடி, வெளி மின்சாரத்துக்கான பிளக்கும் மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஒரு எம்.சி.பி.யும், நான்கு பக்கக் கையேடு ஆகியவை அதில் இருந்தன. ஏறக்குறைய இதே உள்ளடக்கம் பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்பதே வாங்குபவருக்குப் பயன்படும்.

ஃபியூஸ் பெட்டியைக் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வொரு வழிக்கும் 30 ஆம்பியர், மொத்தத்துக்கு 100 ஆம்பியர் என்று அதன் அடியில் அச்சிடப்பட்டிருக்கிறது. நெகட்டிவ் வயர்கள் அனைத்தையும் சேர்த்து முடுக்குவதற்கான பட்டையும் அதே பெட்டியில் இருப்பதால், ஒவ்வொரு விளக்கின் நெகட்டிவையும் வண்டிச் சட்டத்தில் எங்காவது திருகிவிடும் சோம்பேறி வழக்கத்துக்குத் தேவையே வராது. துருப்பிடிக்கும் சட்டத்தை நம்பி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதைவிட, ஒவ்வொரு சாதனத்துக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வயர்கள் இழுப்பது சிறிய டிரெய்லரில் பெரிய செலவுமில்லை, பழுது தேடும்போது தலைவலியுமில்லை. ஃபியூஸ் போனால் அதன் அருகில் சிவப்பு எல்.இ.டி. எரியும் வசதியும் உண்டு. ஆனால் அந்தச் சாதனத்தின் சுவிட்ச் போட்ட நிலையில் இருந்தால்தான் அது எரியும் என்பதைக் கையேடு சொல்லவில்லை. சாதனத்தின் வழியாகத்தான் அந்தச் சிறு விளக்குக்கு மின்பாதை முழுமையாகிறது என்பதை அறியாதவர், விளக்கு எரியவில்லையே, ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ணி வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

வயர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெல்லிய வயரின் மேலுறையில் 1.5 சதுர மி.மீ. என்று எழுதியிருக்கிறது. ஒரு நுனியைச் சீவி, ஓர் இழையைத் தனியே பிரித்து, பிளேடின் முனையால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளியைப் போல வெளுப்பு தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் அது. தடித்த பேட்டரி கேபிளை அதே போல் சுரண்டியபோது உள்வரை சிவப்பாகவே இருந்தது. பேட்டரிக்குச் செம்பு, விளக்குக்கு அலுமினியம் என்ற இந்த ஓரவஞ்சனை ஏன் என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம். செம்பு பூசிய அலுமினியம் அதே குறுக்களவில் செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். வளைத்து வளைத்து எடுத்தால் சீக்கிரம் முறியும். ஈரம் பட்ட இணைப்பில் அரித்துப்போகும். சாலையில் குலுங்கிக்கொண்டே போகும், மழையில் நிற்கும் வண்டிக்கு இவற்றில் எதுவுமே ஏற்றதல்ல.

12 வோல்ட்டில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். 5 ஆம்பியர் இழுக்கும் ஒரு சிறு கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 8 மீட்டர் வயர். உண்மையான 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் வழியிலேயே ஏறக்குறைய 0.47 வோல்ட் தொலைந்துவிடும். இந்தத் தொகுப்பின் வயரில் அது 0.7 வோல்ட்டைத் தாண்டும். 12 வோல்ட்டில் 0.7 என்பது சுமார் 6 சதவீதம். முக்கியமான சாதனங்களுக்கு 3 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்ல வழக்கம். பேட்டரியில் இன்னும் பாதி இருக்கும்போதே ஃபிரிட்ஜ் குறைந்த வோல்ட்டேஜ் என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதாகப் புலம்பும் பலருடைய வண்டியில் குற்றவாளி பேட்டரி அல்ல, வயர்தான். அதே ஃபிரிட்ஜுக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்தால் இழப்பு 0.18 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். நான் மெல்லிய சுருள்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, விளக்குகளுக்கு 1.5, தண்ணீர் பம்புக்கும் மின்விசிறிக்கும் 2.5, ஃபிரிட்ஜுக்கும் சாக்கெட்டுகளுக்கும் 4 என்று பல்லிழைச் செம்பு வயர் தனியாக வாங்கிக்கொண்டேன். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் சிலருக்கு மிச்சம் இருக்கும். அதைக் குலுங்கும் வண்டியில் போடவே கூடாது.

கையேட்டின் படம் இன்னொரு படி மேலே போய், அதே மெல்லிய வயரின் தலைப்பில் 12 வோல்ட் சாக்கெட்டுக்கென்று மஞ்சள் நிற ஃபியூஸைச் செருகிக் காட்டுகிறது. பிளேடு ஃபியூஸ்களில் மஞ்சள் என்றால் 20 ஆம்பியர். சிவப்பு 10, நீலம் 15. ஃபியூஸ் சாதனத்தைக் காப்பதற்காக அல்ல, வயரைக் காப்பதற்காகவே போடப்படுகிறது. அந்த வயர் பாதுகாப்பாகத் தாங்குவது 10 ஆம்பியர் அளவுதான் என்றால், 18 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும் போதும் 20 ஆம்பியர் ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிளைவுட்டுக்கும் இன்சுலேஷன் பஞ்சுக்கும் நடுவே வயரின் உறைதான் இளகும். ஆகவே திட்டமிடும் வரிசை, சாதனத்தின் ஆம்பியர், அதற்கும் தூரத்துக்கும் ஏற்ற வயர், அந்த வயருக்கு ஏற்ற ஃபியூஸ் என்றுதான் போக வேண்டும். தொகுப்பு கையில் இருக்கிற ஃபியூஸிலிருந்து தொடங்குகிறது.

மெயின் பிரேக்கர் 100 ஆம்பியர். கேபிளோ 10 சதுர மி.மீ. விளக்கு, பம்பு, விசிறி, ஃபிரிட்ஜ், போன் சார்ஜர் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடினாலும் சிறு டிரெய்லரில் 20 ஆம்பியரைத் தொடுவதே அரிது என்பதால், 50 ஆம்பியர் மெயின் ஃபியூஸே தாராளம். அந்தக் கேபிளுக்கும் அதுவே பொருத்தம். லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். அதைத் துண்டிக்கும் திறன் எவ்வளவு என்று பிரேக்கரின் மேல் எங்கும் குறிப்பில்லை. 20,000 ஆம்பியரைத் துண்டிக்கவல்ல கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தேன். ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டு கேபிளுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதையடுத்து, கை எட்டும் இடத்தில், பேட்டரியை முழுவதுமாகத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச். அது தொகுப்பில் இல்லாதது பெரிய குறை.

லக்குகள் சுமார் ரகம். சிலவற்றை விட்டத்துக்கேற்ற பற்கள் கொண்ட கிரிம்ப் கருவியால் அழுத்திய பிறகும், வயரைப் பிடித்து இழுத்தபோது நழுவி வந்தன. ஈயம் ஊற்றி ஒட்டிவிட்டால் உறுதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்த இடத்தில்தான் அதிர்வால் வயர் முறியும். நல்ல லக்கும் நல்ல அழுத்தமும் போதும். இரும்புச் சட்டத்தில் துளையிட்டு வயர் நுழையும் இடங்களுக்கு ரப்பர் வளையங்கள் ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார்கள். அவை தரமானவை, அளவும் சரி.

பேட்டரியின் அளவைப் பற்றிக் கையேடு ஒன்றும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர் மணி, விசிறிக்கு 16, விளக்குகளுக்கு 5, போனுக்கும் மடிக்கணினிக்கும் 10 என்றால் 71 ஆகிறது. 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் நீண்ட ஆயுளுக்காகப் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும் என்பதால் அது போதாது. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒரு நாள் தாங்கும், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. லெட் ஆசிட் வைப்பவர்கள் அது வெளியிடும் ஹைட்ரஜன் வண்டிக்குள் தேங்காதபடி வெளிக்காற்றுக்கு வழி விட வேண்டும்.

தொகுப்பில் இருக்கவே கூடாதது வெளி மின்சாரத்துக்கான பகுதி. ஒரு பிளக்கும், ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும் ஒற்றைத் துருவ எம்.சி.பி.யும் கொடுத்து, கையேட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 230 வோல்ட் வழக்கில் உள்ள இடங்களில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி. இல்லாமல் டிரெய்லருக்குள் மின்சாரம் கொண்டுவருவது உயிரோடு விளையாடுவது. முகாம் திடல் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் துண்டிப்பது எதுவானாலும் இரண்டு வயர்களையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். இரும்புச் சட்டத்தை எர்த்துடன் இணைக்க வேண்டும். இந்த வயர்கள் 12 வோல்ட் வயர்களோடு ஒரே குழாயில் ஓடக்கூடாது. கையேட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த எம்.சி.பி.யை பேட்டரி பக்கம் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: மாறுமின்சாரம் ஒவ்வொரு அலையிலும் சுழியைத் தொடுவதால் அதில் தீப்பொறி எளிதில் அணையும், பேட்டரியின் நேர்மின்சாரத்தில் அந்த வசதி இல்லை, ஆகவே அங்கே அது வேண்டாம்.

ஃபியூஸ் பெட்டிக்கும் ரப்பர் வளையங்களுக்கும் பேட்டரி கேபிளுக்கும் சேர்த்து ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். பிளக்கையும் எம்.சி.பி.யையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஐசொலேட்டரையும் 4 சதுர மி.மீ. செம்பு வயர்ச் சுருள் ஒன்றையும் வைத்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.