உச்ச நீதிமன்றத்தில் கேமரா: நான்கு நாடுகள், நான்கு வழிகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய வழக்கு நடந்தாலும், டிவியில் வருவது ஓவியர் வரைந்த படம்தான். விசாரணையைப் படம்பிடிக்க அங்கே இன்றுவரை அனுமதியில்லை. கேமரா வந்தால் வக்கீல்களும் நீதிபதிகளும் மேடைப் பேச்சில் இறங்கிவிடுவார்கள் என்று பயம். கேமரா உள்ளே வருவதென்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் வர வேண்டும் என்ற அர்த்தத்தில், நீதிபதி டேவிட் சூட்டர் 1996-இல் நாடாளுமன்றக் குழு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஒலிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. 1955 முதல் வாதங்களைப் பதிவு செய்கிறார்கள். 2020 மே மாதம், கொரோனாவால் போனிலேயே விசாரணை நடத்த வேண்டி வந்தபோது, ஒலியை நேரலையாகவும் விட்டார்கள். ஒரு நாள் வக்கீல் மும்முரமாக வாதாடிக்கொண்டிருக்க, பின்னணியில் யாரோ டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்த சத்தம் நாடு முழுக்கக் கேட்டது. அதனால் நீதிமன்றத்தின் மானம் ஒன்றும் போய்விடவில்லை. 2006-இலிருந்து பத்து ஆண்டுகள் வாதத்தின்போது ஒரு கேள்விகூடக் கேட்காத நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், போனில் முறை வைத்துக் கேட்கச் சொன்னதும் கேட்க ஆரம்பித்தார். நேரில் கூடத் தொடங்கிய பிறகும் நேரலை ஒலி தொடர்கிறது.

சரி, படம் வந்தால் மட்டும் நாடகமாகிவிடுமா? ஆகும் என்பவர்கள் பிரேசிலைக் காட்டலாம். 2002 முதல் அங்கே நீதித்துறைக்கென்றே தனி டிவி சேனல். வாதம் மட்டுமல்ல, பதினொரு நீதிபதிகளும் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் முடிவைச் சொல்வதும், நடுவே மோதிக்கொள்வதும் நேரலை. 2012-இல் மென்சலாவ் ஊழல் வழக்கு மாதக்கணக்கில் ஓடியது. நீதிபதி ஜோவாக்கிம் பார்போசா நட்சத்திரமாகிவிட்டார். அடுத்த கார்னிவலுக்கு அவருடைய முகமூடி விற்பனைக்கு வந்தது. என்னைக் கேட்டால் இது அதிகம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் ‘நீங்கள் சொல்வதுதான் சரி’ என்று சக நீதிபதியிடம் இறங்கி வர யாருக்கு மனம் வரும்?

லண்டன் இதில் புத்திசாலி. 2009-இல் உச்ச நீதிமன்றம் தொடங்கியபோதே கேமராவையும் பொருத்திக்கொண்டது. வாதத்தையும் தீர்ப்பு வாசிப்பதையும் பார்க்கலாம். நீதிபதிகள் தங்களுக்குள் கலந்து பேசுவது மூடிய அறையில். 2019 செப்டம்பர் 24 அன்று, நாடாளுமன்றத்தைப் பிரதமர் போரிஸ் ஜான்சன் முடக்கிவைத்தது செல்லாது என்று நீதிமன்றத் தலைவர் பிரெண்டா ஹேல் வாசித்தது உலகம் முழுக்க ஓடியது. அவர் உடையில் குத்தியிருந்த சிலந்தி வடிவ ப்ரூச்சும் அன்று பேசுபொருளானது, அது வேறு விஷயம்.

டெல்லியும் கிட்டத்தட்ட லண்டன் வழிதான். 2018-இல் அனுமதித்துத் தீர்ப்பு வந்தது. அரசியல் சாசன அமர்வுகளின் நேரலை 2022 செப்டம்பர் 27 அன்றுதான் தொடங்கியது. 370-வது பிரிவு வழக்கில் 16 நாள் வாதத்தை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும்: வக்கீல் பக்க எண் சொல்வதும், நீதிபதிகள் பிடிஎஃப்பில் அதைத் தேடுவதுமாகவே பாதி நேரம் போகும். இதில் நடிக்க என்ன இருக்கிறது?

சிக்கல் கிளிப்பில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சர்ச்சைக்குரிய விதத்தில் பேசியவை கிளிப்களாகப் பரவி, உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. வெளிச்சம் சங்கடமாக இருந்தால் மருந்து இன்னும் வெளிச்சம்தான், நேரலையை நிறுத்துவதல்ல என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு சொன்னது. நேரலை இல்லாவிட்டால் அந்தப் பேச்சு அந்த அறையோடு போயிருக்கும். ஆனால் எல்லாக் கிளிப்பும் இப்படி இருக்காது. கேள்வியாகக் கேட்டதைத் தீர்ப்பாகத் தலைப்புப் போட்டு ஓட்டுவதும் நடக்கிறது. வாதம் முழுக்க ஆங்கிலத்தில் என்பதால், நம்மில் பலருக்கு வந்து சேர்வது அந்தத் தலைப்பு மட்டும்தான்.

ஆகவே என் ஓட்டு லண்டன் கேமராவுக்கு, கூடவே வாஷிங்டனின் எழுத்துப் பதிவுக்கும். வாதம் முழுவதையும் எழுத்தாக அன்றன்றே வெளியிடுவதை அமெரிக்கா 2006-இலேயே தொடங்கிவிட்டது. டெல்லி 2023 பிப்ரவரியில் சிவசேனா வழக்கில் செயற்கை நுண்ணறிவை வைத்து இதைத் தொடங்கியது. தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் தரும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. முக்கிய வழக்குகளின் வாதத்தையும் அதில் சேர்த்துவிடலாம்.