டக்ட் லீக் டெஸ்ட்: புதுச்சேரி சேவை எப்படி?

ஏசி காற்று போகும் தகரக் குழாயில் (டக்ட்) லீக் இருக்கிறதா என்று சோதிக்கும் இந்தப் புதுச்சேரிக் குழுவைக் கூப்பிடலாம், ஆனால் டக்ட் மேல் இன்சுலேஷனாக நைட்ரைல் ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே கூப்பிட வேண்டும். ஒட்டிய பிறகு வந்தால் லீக் எவ்வளவு என்று சொல்வார்கள், எங்கே என்று காட்டுவது கஷ்டம். இ.சி.ஆர். ஓரத்து ஓட்டல், மண்டப வேலைகளை எடுக்கும் இந்தக் குழுவை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

கொண்டுவருவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ப்ளோயர், காற்றை அளக்கும் ஆரிஃபிஸ் குழாய், அழுத்தத்தை அளக்கும் இரண்டு டிஜிட்டல் மேனோமீட்டர், ஒரு புகை மெஷின். மேனோமீட்டரின் காலிப்ரேஷன் சான்றிதழைக் கேட்காமலே எடுத்து நீட்டுகிறார்கள். அதற்கே பாதி மார்க் போடலாம்.

வேலைத் திறமை தெரிவது டக்டின் வாய்களை அடைப்பதில்தான். வீட்டு டக்டுக்குச் செய்யும் 25 பாஸ்கல் (அழுத்த அளவு) டெஸ்டுக்கு பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் தாங்கும். 250 பாஸ்கலில் 60 செ.மீ.க்கு 60 செ.மீ. வாயின் மேல் சுமார் 9 கிலோ எடைக்குத் தள்ளு விழும், டேப் பிய்த்துக்கொண்டு போகும். இவர்கள் தகரத்தை வெட்டி, காஸ்கெட் வைத்து, ஸ்க்ரூ அடிக்கிறார்கள். பிறகு அழுத்தத்தை மெல்ல ஏற்றி, 5 நிமிடம் ஆடாமல் நிறுத்தி, அதைத் தக்கவைக்க எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று படிக்கிறார்கள். அந்தக் காற்றின் அளவுதான் லீக்.

'இத்தனை சதவீதம்' என்று சொல்லிக் கையைக் கழுவாமல், டக்டின் மொத்தப் பரப்பளவை அளந்து கணக்குப் போடுகிறார்கள். எவ்வளவு லீக் அனுமதி என்று பிரிக்கும் ஐரோப்பியத் தரத்தில் பி வகுப்புக்கு 250 பாஸ்கலில் சதுர மீட்டருக்கு விநாடிக்கு சுமார் 0.33 லிட்டர் வரை போகலாம். அதாவது 80 சதுர மீட்டர் டக்டுக்கு மொத்தம் விநாடிக்கு 26 லிட்டர். ஏ வகுப்பில் அதைப்போல் மூன்று மடங்கு ஒழுகினாலும் பாஸ். ஒப்பந்தத்தில் வகுப்பை எழுதாமல் விட்டால் ஏ வகுப்புக் காகிதம்தான் கைக்கு வரும்.

புகை விட்டால் நீளவாட்டு மடிப்புகளில் அவ்வளவாக ஒன்றும் தெரியாது. கிளை பிரியும் காலர், டக்ட் துண்டுகளைச் சேர்க்கும் ஃப்ளேஞ்சின் நான்கு மூலை, காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரின் தண்டு நுழையும் துளை, இந்த இடங்களில்தான் பீறிடும். சின்ன ஓட்டையைக் கண்டுபிடிக்க சோப்பு நுரை. ஓட்டையை அடைக்க, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அலுமினியம் டேப் ஒட்டினால் இந்தக் கடற்கரை ஈரத்தில் விளிம்பு தூக்கிவிடும், மாஸ்டிக் (பூசி அடைக்கும் பசை)தான் சரி. அது காயாமல் மறுபடி அழுத்தம் ஏற்றினால் காற்று குமிழியிட்டுத் துளைத்துக்கொண்டு வரும். இவர்கள் மறுநாள்தான் மறு டெஸ்ட் செய்கிறார்கள், நச்சரிக்காதீர்கள்.

குறை ஒன்று, பெரியது. குளிர்காற்றை அறைக்குக் கொண்டுபோகும் சப்ளை டக்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சப்ளையில் லீக் இருந்தால் குளிர்காற்று வீணாகும், அது பட்ட தகரம் வேர்த்து சீலிங்கில் கறை விழும் (திட்டு வாங்குவது இன்சுலேஷன் போட்டவர்). ஆனால் அறைக் காற்றைத் திரும்ப எடுக்கும் ரிட்டர்ன் டக்ட், ஏ.ஹெச்.யூ. (ஃபேனும் குளிர்விக்கும் காயிலும் உள்ள பெட்டி) கதவு, ஃபேனுக்கு முன்னால் உள்ள இணைப்புகள் எல்லாம் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் சீலிங்குக்கு மேலே தேங்கிய சூடும் ஈரமும் நேரே காயிலுக்குப் போகும். ஏசி நாள் முழுக்க ஓடும், ஹாலில் கசகசப்பு மட்டும் போகாது. கேட்டால் ரிட்டர்னையும் செய்து தருகிறார்கள், அதற்குத் தனி நாள், தனிக் கட்டணம். விலை பேசும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் லீக் இடங்களின் போட்டோ இருக்கிறது, டிராயிங்கில் குறித்துத் தருவதில்லை. ஓட்டையை அடைப்பதும் இவர்கள் வேலையில்லை. டக்ட் போட்ட ஃபிட்டரை மாஸ்டிக் டப்பாவோடு அன்று சைட்டில் நிறுத்திவையுங்கள்.