ஓடும்போது பிரேக் தானாகப் பிடிக்கிறதா? காலிபர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர்: யார் மேல் சந்தேகம்?

கிளம்பும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்த மாதிரி இருக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் சட்டென்று விழும், அப்புறம் கருகல் வாடை, கடைசியில் சக்கரம் இறுகி நடுவழியில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். இதைச் சொன்னதும் முதலில் வரும் பதில் பெரும்பாலும் "காலிபர் ஜாம், மாற்றிடுங்க" என்பதுதான். காலிபர் என்பது பிரேக் பேடைச் சக்கரத்தின் டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம். நானும் நம்பி முன்சக்கரம் இரண்டுக்கும் புதுக் காலிபர் போட்டேன், மறுநாளே பழைய கதை. கடைசியில் பார்த்தால், சில வாரம் முன்பு மாற்றியிருந்த மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) தள்ளும் புஷ் ராட் என்ற கம்பி கொஞ்சம் நீளமாக நின்றிருந்தது. காலிபருக்குக் கொடுத்த காசு போனதே.

அதனால் ஒவ்வொரு சந்தேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காலிபர் கோளாறு என்றால் பொதுவாக ஒரு சக்கரம்தான் சுடும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், பெடல் மட்டும் எப்போதும் போலவே இருக்கும். பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், அல்லது காலிபர் நகர்ந்து கொடுக்க வேண்டிய ஸ்லைடு பின் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம். பேடைக் கழற்றிப் பாருங்கள்: உள் பேட் தகடு வரை தேய்ந்து வெளிப் பேட் பாதி கூடத் தேயாமல் இருந்தால் பெரும்பாலும் ஸ்லைடு பின்தான் காரணம். சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவி, ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும், முழுக் காலிபர் தேவையே இல்லை.

மாஸ்டர் சிலிண்டர் அல்லது புஷ் ராட் கோளாறு இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காது, இரண்டு அல்லது நான்கு சேர்ந்து பிடிக்கும். பல கார்களில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும் என்பதால், முன் இடதும் பின் வலதும் மட்டும் சேர்ந்து சுட்டாலும் பார்வை மாஸ்டர் பக்கம் போக வேண்டும். பெடலும் காட்டிக்கொடுத்துவிடும், ஓட ஓட அது மேலேறி கல் மாதிரி இறுகும். காரணம் இதுதான்: காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் மாஸ்டருக்குள் இருக்கும் ஊசித்துளை ஒன்று திறக்கும், அந்த வழியாக பிரேக் ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பும். புஷ் ராட் துளி நீளமாக இருந்தாலும் அந்தத் துளை மூடியே கிடக்கும். பிரேக் போடப் போட ஆயில் சூடாகி விரியும், விரிந்தது போக வழியில்லாமல் பேடைத் தள்ளும், பேட் உரசி இன்னும் சூடாக்கும், அந்தச் சூட்டில் ஆயில் இன்னும் விரியும். முதல் சில கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி பிறகு பூட்டிக்கொள்வதும், ஆறினால் விடுவதும் இதனால்தான்.

ஹோஸ், அதாவது காலிபருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய் இருக்கிறதே, இது இரண்டுக்கும் நடுவில் நின்று ஆளை ஏமாற்றும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் உப்பியோ உரிந்தோ ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும். காலால் மிதிக்கும் அழுத்தம் பெரிது, அதனால் ஆயில் காலிபருக்குப் போய்விடும், திரும்பி வரும் விசை மிகச் சிறியது, அதனால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் சுடுவதால் எல்லோரும் காலிபரைத்தான் திட்டுவார்கள். பின் ஆக்சிலுக்கு ஒரே ஹோஸ் போகும் வண்டிகளில் பின்சக்கரம் இரண்டுமே சேர்ந்து பிடிக்கும், அது இன்னும் குழப்பும்.

இவற்றைப் பிரித்துச் சொல்ல ஒரு ஸ்பேனர் போதும், ஆனால் சக்கரம் பிடித்திருக்கும்போதே பார்க்க வேண்டும், ஆறிய வண்டியில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலிபரில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி லேசாகத் திறங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் மாட்டியிருக்கிறது, காலிபர் மேல் குற்றமில்லை. திறந்தும் சுற்றவில்லையா, அப்போது காலிபர், ஸ்லைடு பின், இல்லையென்றால் ஹேண்ட் பிரேக் கேபிள்.

அழுத்தம்தான் என்று தெரிந்தால், வண்டி மறுபடி பிடிக்கும்போது மேலே மேலே போங்கள். ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் நட்டைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, ஆனால் நிப்பிளைத் திறந்தால் விடுகிறது என்றால் ஹோஸ்தான். அந்த நட்டிலேயே விட்டுவிட்டால் கோளாறு அதற்கும் மேலே இருக்கிறது. அடுத்து மாஸ்டரைப் பூஸ்டரோடு (இஞ்சின் வாக்குவத்தால் பெடல் மிதிக்கு வலு கூட்டும் பாகம்) பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்த்திப் பாருங்கள். என் வண்டியில் இங்கேதான் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் விட்டன, அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ராடைச் சரியாக வைத்ததோடு முடிந்தது. அப்படித் தளர்த்தியும் விடாமல், மாஸ்டரிலிருந்து கிளம்பும் குழாய் நட்டைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் மாஸ்டருக்குள்ளேயே அடைப்பு.

பூஸ்டரைப் பார்ப்பது சுலபம்: இஞ்சினை அணைத்துப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து வாக்குவம் தீர்ந்ததும் பிரேக் விட்டால் அதன் வால்வில் கோளாறு. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட் இப்படிச் செய்வது அபூர்வம், மற்றதெல்லாம் பார்த்த பிறகு அங்கே போகலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: ஆயில் டப்பா மூடியின் ரப்பர் உப்பியிருந்தால் யாரோ இஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்க வாய்ப்புண்டு. அப்போது ஒரு பாகத்தை மாற்றிப் பயனில்லை, லைனைக் கழுவி, ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான்.

லேசாக மிதித்ததுமே பின்சக்கரம் பூட்டி, காலை எடுத்ததும் விட்டுவிடுகிறது என்றால் அது வேறு நோய். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரோ ஆக்சில் சீலோ கசிந்து, டிரம்மில் உரசும் ஷூ நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த நட்டைத் திறந்திருந்தாலும் ஏர் எடுக்காமல், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொடாமல். இடதும் வலதும் ஒரே மாதிரி இருந்து, எதுவும் அளவுக்கு மீறிச் சுடாமல், பெடலும் இறுகாமல் இருந்தால் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம்.