ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்தால் 250-க்குத் தாவும் வெப்கேம்: நாள்பட்ட அனுபவம்

விலை இறங்கியதும் "இந்த யூஎஸ்பி வெப்கேமை லினக்ஸுக்கு வாங்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். லென்ஸ், மைக், ஸ்டாண்ட் எதிலும் குறையில்லை. படம் கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கிறது. என் கோபமெல்லாம் எக்ஸ்போஷர் செட்டிங்கின் மேல்தான், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா எவ்வளவு நேரம் ஒளியை வாங்க வேண்டும் என்று சொல்லும் எண்ணின் மேல்.

பகல் வெளிச்சத்தில் கேமராவே எக்ஸ்போஷரைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ முறை முகத்தை அழகாகக் காட்டுகிறது. அந்த அளவிலேயே பூட்டி வைக்கலாம் என்று மேனுவலுக்கு மாற்றினால் படம் சட்டென்று வெளுத்துவிடும். ஆட்டோ எந்த எண்ணில் நின்றதோ அதை மேனுவல் எடுத்துக்கொள்வதில்லை, டீஃபால்ட் 250-க்குத் தாவுகிறது. அலகு 100 மைக்ரோ விநாடி, ஆக 25 மில்லி விநாடி. அந்த எண்ணும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குத்தான் பொருந்தும். அங்கே விளக்கு விநாடிக்கு 120 முறை துடிக்கும், 25 மில்லி விநாடியில் சரியாக 3 துடிப்பு அடங்கிவிடும். 50 ஹெர்ட்ஸில் இரண்டரைதான் அடங்கும், அதனால் இரவில் விளக்கைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 100, 200, 300 இவற்றில் ஒன்றை வையுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்பது குறையக் கூடாதென்றால் 333-ஐத் தாண்ட வேண்டாம். மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் பவர்லைன் செட்டிங்கை 50-க்கு மாற்றினால் போதாதா என்றால், இந்த கேமராவில் அது ஆட்டோவுக்கு மட்டுமே வேலை செய்கிறது.

இதைச் சரியாகச் செய்யும் வழி லினக்ஸின் மையமான கர்னலில், கேமரா செட்டிங்குகளைக் கையாளும் கன்ட்ரோல் ஃபிரேம்வொர்க்கிலேயே இருக்கிறது. டிரைவர் ஆட்டோ சுவிட்சையும் எக்ஸ்போஷர் எண்ணையும் ஒரே கிளஸ்டராக (தொகுப்பாக) கட்டினால், ஆட்டோ ஓடும்வரை அந்த எண் 'செயலில் இல்லை' என்று காட்டும். ஆட்டோவை அணைத்ததும் ஹார்டுவேரில் அப்போதிருந்த மதிப்பைப் படித்து அங்கிருந்தே மேனுவலைத் தொடங்கும். யூஎஸ்பி வெப்கேம்களுக்குப் பொதுவான யூவிசி டிரைவரோ தனக்கென்று வேறு நிரல் வைத்துக்கொண்டு, கேமரா சொல்வதை அப்படியே கடத்துகிறது. அதற்காக டிரைவரைத் திட்டுவதும் நியாயமில்லை. ஆட்டோ ஓடும்போது கேட்டாலும் இந்த கேமரா 250 என்றே பதில் சொல்கிறது. உண்மையான எண் வெளியே வராதபோது டிரைவர் எதை எடுத்து வைக்கும்?

எக்ஸ்போஷர் முறையைத் தேர்ந்தெடுக்கும் மெனுவும் படுத்துகிறது. 1 மேனுவல், 3 ஆட்டோ, 0-வும் 2-ம் கொடுத்தால் பிழை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதற்கு ஒரு யூடெவ் ரூல் (கருவியைச் செருகியதும் லினக்ஸ் தானாகப் பின்பற்றும் விதி) எழுதிவிடுங்கள். லினக்ஸில் இந்த கேமராவுக்கு இரண்டு நோடு (கருவியைக் குறிக்கும் கோப்பு) இருக்கும். இன்டெக்ஸ் 0 உள்ள நோடுக்கு மட்டும் எழுத வேண்டும், இரண்டாவது நோடு படத்துக்கானதல்ல, மெட்டாடேட்டாவுக்கானது (படத்தைப் பற்றிய கூடுதல் தகவல்). ரூலில் முதல் கட்டளை மேனுவலுக்கு மாற்றட்டும், எக்ஸ்போஷர் எண்ணைத் தனிக் கட்டளையாக அதன் பிறகு அனுப்புங்கள். வரிசை மாறினால் எண் ஏறாது. ஆட்டோவிலேயே விடுபவர்கள் டைனமிக் ஃபிரேம்ரேட்டை 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் மங்கிய வெளிச்சத்தில் ஃபிரேம் பாதியாக இறங்கிவிடும்.

ரூலைப் போட்ட பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை, படம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனாலும் இவ்வளவு நல்ல லென்ஸுக்குப் பின்னால் இப்படியொரு ஃபர்ம்வேரை (கேமராவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) வைத்து விற்கும் பொருளை, விலை இன்னும் பாதியானாலும் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.