பெண்டுலம் நின்றும் முள் நகர்ந்தது: 'புதுப்பித்த' மின்சாரக் கடிகாரம் வாங்குவோர் கவனத்துக்கு

'அசல் இயந்திரம், முழுதாகப் புதுப்பித்தது, நன்றாக ஓடுகிறது' என்று சொல்லி எனக்கு ஒரு பழைய மின்சார பெண்டுலம் கடிகாரத்தை விற்றார்கள். அதில் அசல் இயந்திரமே இல்லை. இந்த வகைக் கடிகாரம் வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது பிரான்ஸில் லெயோன் ஆத்தோவின் நிறுவனம் 1923 முதல் செய்துவந்த வகை. டயலில் ஏ.டி.ஓ. என்று மூன்று எழுத்துகள் இருக்கும். சாவி கொடுக்க வேண்டாம். பெண்டுலத்தின் அடியில் வளைந்த காந்தம் ஒன்று இருக்கும். ஆடும்போது அது செம்புக் கம்பிச் சுருளுக்குள் போய் வரும். ஒவ்வொரு முழு வீச்சுக்கும் ஒருமுறை காண்டாக்ட் (மின்சாரத்தை இணைத்து விடும் உலோக முனைகள்) தொட்டு, 1.5 வோல்ட் பேட்டரியிலிருந்து சுருளுக்குக் கொஞ்சம் மின்சாரம் பாயும், காந்தத்துக்கு ஒரு தள்ளு கிடைக்கும். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சக்கரங்கள் பெண்டுலத்தைத் தள்ளுகின்றன. இதில் பெண்டுலம்தான் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி முள்ளை நகர்த்துகிறது. இந்த அழகுக்காகத்தான் இதைத் தேடி வாங்குகிறோம்.

வந்த புதிதில் குறையொன்றும் தெரியவில்லை. மணி அச்சுப் பிசகாமல் காட்டியது. பிறகு ஒருநாள் பார்த்தால் பெண்டுலம் நின்றிருக்கிறது, நிமிட முள் மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடிகாரத்தில் அப்படி நடக்கவே முடியாது.

டயலைக் கழற்றினேன். பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒன்று: சாதாரண சுவர்க்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் மெஷின். பல்சக்கரம், அதைத் தள்ளும் கொக்கி, காண்டாக்ட் எதுவுமே இல்லை. சுருளோடு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பலகையை ஒட்டி, தனி பேட்டரி கொடுத்து, பெண்டுலத்தைச் சும்மா ஆடவிட்டிருக்கிறார்கள். அந்த பேட்டரி தீர்ந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் அந்த டப்பாவைப் பார்த்து அல்ல, டயலைப் பார்த்து. குவார்ட்ஸ் மெஷினின் தண்டு தடிமன் என்பதால் டயலின் நடுத்துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் பிசிறு, வெள்ளைப் பூச்சு விரிந்து உதிர்ந்திருக்கிறது. பழைய முட்கள் புதுத் தண்டில் பொருந்தாமல் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இயந்திரம் எங்காவது கிடைத்தால் மாட்டிவிடலாம். அந்தத் துளையை யார் சரிசெய்வது?

விற்றவரைக் கேட்டேன். "மணி சரியா காட்டுதில்ல, அப்புறம் என்ன?" என்றார். கழற்றிய பாகங்களைக் கேட்டால், எறிந்துவிட்டாராம். கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறேன் என்றார். முழுப் பணம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

டிரான்சிஸ்டர் வைத்ததே தப்பு என்று சொல்லவில்லை. தேய்ந்துபோன காண்டாக்டுக்குப் பதில் அதை வைப்பவர்கள் உண்டு. பெண்டுலம் முள்ளை ஓட்டும்வரை, அதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. குவார்ட்ஸ் மெஷினும் கேவலமான பொருள் அல்ல. அதற்குள் சுழலும் மோட்டார் வகையை 1936-இல் உருவாக்கிய மாரியுஸ் லாவே, ஆத்தோவோடு சேர்ந்து இந்தக் கடிகாரங்களில் வேலை செய்த பொறியாளர்தான். ஆனால் குவார்ட்ஸை உள்ளே வைத்து மூடிவிட்டு 'அசல் இயந்திரம்' என்று எழுதி விற்பது மோசடி.

வாங்குவதற்கு முன் ஒரு வீடியோ கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, சில நிமிடம் கேமராவை முள்ளின் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். முள் நகர்ந்தால் வாங்க வேண்டாம். வீடியோவில் வெட்டு ஒட்டு இருந்தாலும் வேண்டாம். டயலைக் கழற்றி எடுத்த படமும் கேளுங்கள். 'கழற்றினால் கெட்டுவிடும்' என்பார்கள். புதுப்பித்தவர் ஏற்கெனவே கழற்றியவர்தானே. எந்தெந்த பாகம் மாற்றியது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெண்டுலத்தின் அடியில் உள்ள திருகைத் திருப்பிப் பார்க்கலாம். குண்டைக் கீழே இறக்கினால் கடிகாரம் மெதுவாக ஓட வேண்டும், ஏற்றினால் வேகமாக. எப்படித் திருப்பினாலும் மணி மாறவில்லை என்றால் உள்ளே திறந்து பாருங்கள். இன்னொன்று, பெண்டுலத் தண்டு எஃகு என்றால் ஒரு டிகிரி சூடு ஏறினாலே ஒரு நாளில் சுமார் அரை நொடி பிந்தும். குளிர்காலம், கோடைக்காலம் எதுவானாலும் நொடி தவறாமல் காட்டுவது பழைய கடிகாரத்தின் லட்சணம் அல்ல, சந்தேகப்படுங்கள்.

உடைந்த பெட்டியோடு கிடக்கும் இதே வகைக் கடிகாரம் ஒன்றிலிருந்து இயந்திரம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். விற்றவர் இப்போது இன்னொரு கடிகாரத்தை, அதே 'அசல் இயந்திரம்' வாசகத்தோடு, விற்பனைக்கு வைத்திருக்கிறார். டயலின் முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார்.