ஸ்டீல் நாக்கு வழிப்பான்: ஓரத்தைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்

திருச்சியில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வோம். வந்திருப்பவரின் மூக்குக்கும் என் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அதனால் என்னிடம் தொழில் கற்க வரும் பெண்களுக்கு நூல்கண்டோடு சேர்த்து ஒரு ஸ்டீல் நாக்கு வழிப்பானும் வாங்கித் தருகிறேன். பெரிய கடை வீதிப் பாத்திரக்கடையில் 60 ரூபாய்.

வாய் நாறினால் வயிறு சரியில்லை என்று ஓமத்தண்ணீர் குடிப்பவர்கள் நிறைய. ஆனால் நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயேதான் பிறக்கிறது, அதிலும் நாக்கின் பின்பகுதியில். அங்கே படியும் மாவு போன்ற படலத்தில் உணவுத் துணுக்கும் உதிர்ந்த செல்களும் இருக்கும். அவற்றிலுள்ள புரதத்தைக் கிருமிகள் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு மாதிரியான கந்தக வாயுக்கள் வெளிவருகின்றன. அழுகிய முட்டை வாடை இதுதான். தூங்கும்போது எச்சில் குறைவதால் காலையில் கூடுதலாக வீசும். ஏலக்காயும் மின்ட்டும் கொஞ்ச நேரம் மறைக்கும், படலம் அப்படியே இருக்கும்.

நான் வாங்கியது ப வடிவில் வளைந்த, இரண்டு கையாலும் பிடிக்கிற வகை. பிரஷ்ஷின் முதுகில் சொரசொரப்பாக வருகிறதே, அது நுனி நாக்கோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் பட்டை அழுத்தினால் வளைகிறது. செம்பு நன்றாகத்தான் வழிக்கிறது, ஆனால் கறுத்துப்போகும், புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை அவசரத்துக்கு ஸ்டீல்தான் சரி. கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

ஒன்றே ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஓரம். முன்பு வேறொரு கடையில் வாங்கியதில் தகட்டின் ஓரத்தில் பிசிறு இருந்து நாக்கைக் கீறிவிட்டது. கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி பின்னாலிருந்து முன்னால் இழுங்கள். குமட்டல் குறையும். ஒவ்வொரு இழுப்புக்கும் அலசிக்கொண்டு நாலைந்து முறை போதும். சிவக்கச் சிவக்கச் சுரண்டக் கூடாது. பலன் தெரிய வேண்டுமென்றால் மணிக்கட்டின் உட்புறத்தை நக்கி, காயவிட்டு முகர்ந்து பாருங்கள்.

இது மட்டும் போதுமா என்றால், போதாது. பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கு வழிப்பானும் எடுக்காது, பிரஷ்ஷும் முழுசாக எடுக்காது. அதற்கு ஃப்ளாஸ் நூல் வேண்டும். புருவ நூலை எடுத்துப் பல்லிடுக்கில் விடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அது இடுக்கில் அறுந்து சிக்கும், ஈறையும் கிழிக்கும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் காறை கட்டியிருக்கலாம். பல் டாக்டரிடம் போய் க்ளீனிங் செய்துகொள்ள வேண்டும். க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று பயந்து தள்ளிப்போடுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஈறு நோய் முற்றினால்தான் பல் ஆடும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷையும் டாக்டர் சொன்ன நாள்வரைதான் கொப்பளிக்க வேண்டும், தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

இத்தனையும் செய்து நாற்றம் போகவில்லையென்றால் காரணம் வேறாக இருக்கலாம்: டான்சிலில் கல், சைனஸ், சர்க்கரை நோய், வாயை உலர்த்தும் மாத்திரைகள். அப்போது டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஆளுக்கொன்று வாங்குங்கள், ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவரிடமே கொடுத்து, பிடியில் முதலெழுத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள்.